ஹேவ்லாக் தீவுக்கு எந்த கார் சரி? குண்டும் குழியுமான சாலையில் குலுக்காத காரைத் தேர்வு செய்வது எப்படி?

ஹேவ்லாக் தீவின் படகுத்துறையில் இறங்கி ராதாநகர் கடற்கரைக்குப் போக சாலை வழியே சுமார் 12 கி.மீ. கிட்டத்தட்ட கிண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் போகும் தூரம்தான். ஆனால் ஒரு பெருமழைக்குப் பிறகு தார் பெயர்ந்து, ஓரம் அரித்து, ஜல்லி மேலே வந்துவிட்டால் அந்த 12 கி.மீ. எவ்வளவு நீளம் என்பது பின் சீட்டில் இருப்பவரின் இடுப்புக்குத்தான் தெரியும்.

உங்களுக்கு அந்தமானில் வேலை மாற்றல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி, அரசுத்துறை, ரிசார்ட் நிர்வாகம், ஸ்கூபா டைவிங் என்று ஏதோ ஒன்று. கூடவே அப்பா, அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே முதுகுவலி. கார் வாங்கலாம் என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "ரோடு மோசம்னா எஸ்யூவி எடுத்துடு. காசு இருந்தா டாப் வேரியன்ட் போயிடு."

இந்த அறிவுரையில் பாதி தவறு. பல கார்களில் அதிகக் காசு கொடுத்து வாங்கும் டாப் வேரியன்ட், அதே காரின் கீழ் வேரியன்ட்டைவிடக் கூடுதலாகக் குலுக்கும். ஏழு வருடத்துக்கு இஎம்ஐ கட்டப்போகும் பொருள் என்பதால், காரணத்தை ஷோரூம் போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் ஹேவ்லாக்?

2018 டிசம்பரில் இந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் பேச்சு வழக்கில் இன்னும் ஹேவ்லாக்தான். ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது அழைக்கப்படும் போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது. பரப்பு 92 சதுர கி.மீ. அளவு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்கள் 6,300 பேருக்குச் சற்று மேல். ஊர்க்காரர்களில் பெரும்பாலானோர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். அந்தமான் நிக்கோபார் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சுமார் 15% பேருக்குத் தாய்மொழி தமிழ், அதனால் நம்மவர்கள் அங்கே புதியவர்கள் அல்ல.

கார் வாங்குவதைப் பற்றி யோசிக்க இது ஒரு நல்ல பரிசோதனைக்கூடம். சாலை குறுகலானது, தூரம் குறைவு, வேகம் 30, 40-க்கு மேல் போவது அரிது. நெல்வயல், பாக்குத்தோட்டம், காட்டு மேடு என்று பாதை வளைந்து போகும். இரண்டு பருவமழையும் பெய்யும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. கடற்காற்றில் உப்பு. நான்குவழிச் சாலையில் 110 கி.மீ. வேகத்தில் கார் எப்படி நிற்கும் என்பதெல்லாம் இங்கே தேவைப்படாத கேள்வி. குறைந்த வேகத்தில் பள்ளத்தை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. சென்னையில் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் அலுவலகம் போகிறவருக்கும் கேள்வி அதேதான்.

குலுக்கல் என்பது என்ன?

ஹேவ்லாக்குக்குப் படகில் வந்தவர்களைக் கேட்டால் கடலே ஒரு பாடம் சொல்லியிருக்கும். அலையில் படகு நாலைந்து வினாடிக்கு ஒரு முறை மெதுவாக எழுந்து தாழும். அந்த மெதுவான ஆட்டம்தான் வாந்தியை வரவழைப்பது. இறங்கி டாக்ஸியில் ஏறினால் இதற்கு நேர்மாறு: வினாடிக்குப் பல தடவை கடகடவென்று அதிர்வு. குமட்டல் நின்றுவிடும், முதுகு வலிக்கத் தொடங்கும்.

மனித உடம்பு எந்த அதிர்வை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு மேலும் கீழுமான அதிர்வில் மிகவும் தொந்தரவு தருவது வினாடிக்கு ஏறக்குறைய 4 முதல் 8 தடவை வரும் ஆட்டம். வயிறும் முதுகுத்தண்டும் அந்த வேகத்துக்குத் தாமும் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். வினாடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை எழுந்து தாழ்வது உடம்புக்கு இதம். காரின் ஸ்பிரிங்குகளை வடிவமைப்பவர்கள் குறிவைப்பது அந்த இடத்தைத்தான்.

அதாவது நல்ல கார் என்றால் ஆடவே ஆடாத கார் அல்ல. சாலை தரும் கூர்மையான அடியை வாங்கி, அதை மெதுவான ஒரு அசைவாக மாற்றி உங்களிடம் கொடுக்கும் கார். ரொம்ப மெதுவாக மாற்றினால் படகு, மாற்றாமலே கொடுத்தால் மாட்டுவண்டி.

முதலில் பார்க்க வேண்டியது டயரை

பள்ளத்தை முதலில் சந்திப்பது சஸ்பென்ஷன் அல்ல, டயர். டயருக்குள் இருக்கும் காற்றுதான் காரின் முதல் ஸ்பிரிங். அந்தக் காற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. தரையிலிருந்து வீலின் உலோக விளிம்பு வரை இருக்கும் அந்தக் கறுப்புப் பகுதிதான் பக்கச்சுவர்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. டயரின் மேலேயே எழுதியிருக்கும். 185/65 ஆர்15 என்றால், டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அந்த அகலத்தில் 65%, வீலின் விட்டம் 15 அங்குலம். 185-ஐ 0.65-ஆல் பெருக்கினால் 120 மி.மீ. அதுதான் உங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தை.

இப்போது மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். 2024-ல் வந்த ஸ்விஃப்ட்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ வேரியன்ட்களுக்கு 165/80 ஆர்14 டயர். பக்கச்சுவர் 132 மி.மீ. இசட்எக்ஸ்ஐ-க்குப் போனால் 185/65 ஆர்15, அதாவது 120 மி.மீ. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். உள்ளே உலோகம் பெரிதாகி, மெத்தை 12 மி.மீ. மெலிந்துவிட்டது. அறிமுக விலையில் விஎக்ஸ்ஐ-க்கும் இசட்எக்ஸ்ஐ-க்கும் ஷோரூம் விலையில் சுமார் ஒரு லட்சம் வித்தியாசம். ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு, எனவே கீழே இறங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்ற பயமும் இல்லை.

டாடா பன்ச்சிலும் இதே கதை. 2021-ல் அது வந்தபோது கீழ் வேரியன்ட்களில் 185/70 ஆர்15, மேலே 195/60 ஆர்16. கணக்குப் போட்டால் 129.5 மி.மீ. எதிர் 117 மி.மீ. ஹூண்டாய் கிரெட்டாவில் 205/65 ஆர்16-லிருந்து 215/60 ஆர்17-க்குப் போகும்போது 133-லிருந்து 129 ஆகிறது. வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் திசை ஒன்றே.

12 மி.மீ. பெரிய விஷயமா? வழவழப்பான சாலையில் இல்லை. கூரான விளிம்புள்ள பள்ளத்தில் ஆமாம். பெரிய வீல் பெரும்பாலும் எடையும் கூட. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதை அடக்க ஷாக் அப்சார்பர் படாதபாடு படும். மெல்லிய டயர் பள்ளத்தின் விளிம்பில் அடிபட்டு வீங்குவதும், அலாய் வீல் வளைவதும் இதன் கூடுதல் பலன்கள். ஹேவ்லாக்கில் ஒரு அலாய் வீல் உடைந்தால் மாற்று வீல் கடல் தாண்டித்தான் வர வேண்டும். சாதாரண இரும்பு வீல் வளைந்தால் தட்டி நேராக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பளபளக்கும் அலாய் வீல் போட்டோவில் அழகுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் விளம்பரத்தில் அது ஓடும் சாலையையும் உங்கள் தெருவையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடினால் சொகுசு கூடுமா?

கூடாது. இது பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. அது கூடினால் கல்லிலும் மேட்டிலும் அடி தட்டாது, அவ்வளவுதான். சக்கரம் பள்ளத்தில் விழும்போது உங்கள் முதுகுக்கு என்ன ஆகும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அடி தட்டாமல் இருப்பதும் முக்கியம்தான். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில், 25 கி.மீ. வேகத்தில் தாண்டக்கூடிய மாதிரி மெல்ல ஏறி இறங்க வேண்டும். தெருவில் நாம் பார்ப்பது பல நேரம் சிமென்ட் பூசிய சுவர்.

ஹேவ்லாக்கில் முதன்மைச் சாலையைவிட்டு ரிசார்ட்டுக்கோ வீட்டுக்கோ திரும்பும் மண்பாதைகள் மழையில் நடுவே மேடும் இருபுறமும் சக்கரத்தடமுமாக மாறும். அங்கே ஸ்விஃப்ட்டின் 163 மி.மீ. நான்கு பேரோடு போனால் இடிக்கலாம். பன்ச்சின் 187 மி.மீ. நிம்மதி தரும். ஆனால் 187-ஆ 208-ஆ என்று சண்டை போடத் தேவையில்லை. அடி தட்டாத அளவு வந்துவிட்டால் அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காரை உயர்த்துகிறது, உயர்ந்த கார் பக்கவாட்டில் கூடுதலாக ஆடும்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: அந்த எண் ஆள் ஏறாமல் அளந்ததா, ஏறிய பின் அளந்ததா? பெரிய எண் பெரும்பாலும் காலி காருக்கானது. நம் நாட்டில் இந்த எண்ணுக்கு வரி அர்த்தமும் இருந்தது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு வரை, 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருந்தால் அது பயன்பாட்டு வாகனம் என்று கூடுதல் வரி விதித்தார்கள். அந்த 170-ஐக் காலி காரில்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது.

எஸ்யூவி என்றாலே சொகுசா?

எஸ்யூவி என்ற பெயருக்குள் இரண்டு வேறு சாதிகள் இருக்கின்றன. ஒன்று கார் போலவே ஒரே கூடாகக் கட்டப்பட்டது: கிரெட்டா, நெக்ஸான், எக்ஸ்யூவி700. இன்னொன்று லாரி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பை உட்கார வைத்தது: ஸ்கார்பியோ-என், தார், மாருதி ஜிம்னி.

ஜிம்னியைப் பாருங்கள். 195/80 ஆர்15 டயர், பக்கச்சுவர் 156 மி.மீ. நம் கணக்குப்படி இதுதான் முதல் மார்க் வாங்க வேண்டும். 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், நான்கு சக்கர இழுவை வேறு. சேற்றில் மாட்டினால் இதைவிட நல்ல நண்பன் கிடைக்க மாட்டான். ஆனால் முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சேர்ந்து சாயும், கூடவே மொத்த வண்டியும். நீங்கள் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அதே சாய்வில் உங்கள் தலை கூடுதல் தூரம் போய் வரும். பள்ளத்தின் 'டமால்' குறைவு, இடமும் வலமுமான தூக்கிப்போடல் அதிகம். முதுகுவலிக்காரர்களுக்கு இந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான் அதிகம் படுத்தும்.

எனவே வீடு நிஜமாகவே சேற்றுப்பாதையின் முடிவில் இருந்தால் ஜிம்னி, தார் பற்றி யோசியுங்கள். தார்ச்சாலையில் பள்ளங்கள் மட்டும்தான் பிரச்சினை என்றால் அது தேவையில்லாத செலவு.

நீளமும் பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், கூடினால் கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடுவது குறையும். பன்ச்சில் அது 2,445 மி.மீ., கிரெட்டாவில் 2,610, எர்டிகாவில் 2,740. ஆனால் எர்டிகாவின் மூன்றாவது வரிசை ஏறக்குறைய பின் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. அப்பா, அம்மாவை அங்கே மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

அம்பாசிடர் ஏன் மெத்தென்று இருந்தது?

வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் "அம்பாசிடர் மாதிரி வருமா?" என்பார்கள். வெறும் பழைய நினைவின் ஏக்கம் அல்ல அது. 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அந்தக் காரில் 15 அங்குல வீலும், உயரமான பக்கச்சுவர் டயரும், மென்மையான ஸ்பிரிங்கும், சோபா போன்ற சீட்டும் இருந்தன. வளைவில் கப்பல் மாதிரி சாயும், பிரேக் பிடித்தால் மூக்கைத் தரையில் வைக்கும். ஆனால் 40 கி.மீ. வேகத்தில் பள்ளத்தை விழுங்கிவிடும். அன்றைய சாலையில் அதைவிட வேகமாக யாரும் போகவும் இல்லை.

இதே கணக்கை இன்னும் சுத்தமாகப் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1930-களில் சிட்ரோயன் நிறுவனத்தின் தலைவர் பியர் பூலாஞ்சே தன் பொறியாளர்களிடம் கேட்டது விவசாயிகளுக்கான ஒரு கார். உழுத வயலில் கூடை நிறைய முட்டையோடு ஓட்டினாலும் முட்டை உடையக் கூடாது என்பது நிபந்தனை. அந்த 2சிவி 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. வேகம் அதன் பிரச்சினையாகவே இருக்கவில்லை.

இன்றைய கார்களுக்கு 120 கி.மீ. வேகத்திலும் அலையாமல் நிற்க வேண்டிய கடமை இருக்கிறது. அதற்கு ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், இறுக்கினால் 30-ல் குலுக்கும். ஃபோக்ஸ்வேகன் டைகூன், ஸ்கோடா குஷாக் போன்றவை குறைந்த வேகத்தில் சற்று விறைப்பாகவும் நெடுஞ்சாலையில் பாறை போலவும் இருப்பது இதனால்தான். அது குறை அல்ல, தேர்வு. வாரம் தவறாமல் சென்னையிலிருந்து திருச்சி போகிறவருக்கு அது வரம். ஹேவ்லாக்கில் இருப்பவருக்கு அந்த வரத்தைப் பயன்படுத்த ஒரு கிலோமீட்டர் சாலைகூடக் கிடைக்காது.

இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பிடித்த கார்களும் உண்டு. 2012-ல் இந்தியா வந்த ரெனால்ட் டஸ்டர் அதில் ஒன்று. 215/65 ஆர்16 டயர், 140 மி.மீ. பக்கச்சுவர், சக்கரம் மேலும் கீழும் போக நிறைய இடம். 2022-ல் உற்பத்தி நின்ற பிறகும் பழைய கார் சந்தையில் அதைத் தேடுகிறவர்கள் இருந்தார்கள் என்றால் அதன் சவாரிதான் பெரிய காரணம். மஹிந்திரா எக்ஸ்யூவி700-ல் அதிர்வின் வேகத்தைப் பொறுத்துத் தானாக இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் வந்தது. ஆனால் அந்த நீள அகலத்துக்கு ஹேவ்லாக்கின் குறுகிய சாலையில் எதிரே ஒரு பஸ் வந்தால் போதும், ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். அடியை உண்மையில் வாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை, வாங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது. பழைய காரில் அது போய்விட்டால் ஒரு மேட்டுக்குப் பிறகு கார் இரண்டு மூன்று தடவை குதிக்கும். போனட்டை ஓர் ஓரத்தில் அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு தடவை எழுந்து நின்றால் நலம். தொடர்ந்து ஆடினால் பேரத்தில் விலையைக் குறையுங்கள்.

டெஸ்ட் டிரைவ்: ஓட்டாதீர்கள், பின்னால் உட்காருங்கள்

ஷோரூம்காரர் உங்களை அழைத்துப்போகும் வழி பெரும்பாலும் நல்ல சாலை. அவருடைய ஸ்டீரியோவும் ஏசியும் அங்கே அருமையாக வேலை செய்யும். "சார், எங்க வீட்டு ரோட்டுல ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்று கேளுங்கள். மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள். ஹேவ்லாக்கில் ஓடப்போகும் காரைச் சென்னையிலோ ஸ்ரீ விஜயபுரத்திலோ சோதிக்கிறீர்கள் என்றால், தோண்டி மூடிய ஒரு மோசமான சாலையை முன்பே பார்த்து வையுங்கள்.

புறப்படும் முன் டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். டெஸ்ட் காரில் அதைவிடக் கூடவோ குறையவோ இருந்தால் நீங்கள் சோதிப்பது காரை அல்ல, காற்றை. புதிதாக டெலிவரி எடுத்த கார் "கல்லு மாதிரி இருக்கு" என்று புலம்புகிறவர்கள் பலருக்கும் இதுதான் காரணம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதிகமாக அடைத்த காற்றை யாரும் குறைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு, ஓட்டுவதை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள். அம்மா எங்கே உட்காரப் போகிறாரோ, அங்கே. முடிந்தால் அவரையே அழைத்துப் போங்கள். அதே சாலையில் ஒரு தடவை 20 கி.மீ. வேகத்தில், ஒரு தடவை 40-ல். போனில் ஒரு செய்தியைப் படித்துப் பாருங்கள். எழுத்து நடுங்கிப் படிக்க முடியவில்லை என்றால் அந்தக் குட்டி அதிர்வு உங்கள் முதுகுக்கும் போகிறது என்று பொருள்.

எத்தனை பேரோடு போகிறீர்கள் என்பதும் முக்கியம். பின் ஸ்பிரிங் மூன்று பேரையும் டிக்கி நிறைய பெட்டிகளையும் தாங்க வேண்டியது. அதனால் பின்னால் ஒருவர் மட்டும் இருக்கும்போது விறைப்பாகவும் எல்லோரும் ஏறிய பின் மெத்தென்றும் இருக்கும் கார்கள் நிறைய. தினமும் தனியாகப் போகிறவர் குடும்பத்தோடு சோதித்து ஏமாறக் கூடாது, குடும்பமாகப் போகிறவர் தனியாகச் சோதித்தும் ஏமாறக் கூடாது.

சீட்டும் சஸ்பென்ஷனின் ஒரு பகுதிதான். ஐந்து நிமிடம் சொகுசாகத் தெரியும் மிருதுவான சீட் அரை மணி நேரத்தில் இடுப்பைக் கைவிட்டுவிடும். தொடைக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா, முதுகின் வளைவில் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம், சொகுசுக்காக வெளியே கனமான சீட் கவர் தைத்துப் போடுகிறவர்கள் கவனிக்க: முன் சீட்டின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் கார்களில் அந்தக் கவர் ஏர்பேக் விரிவதைத் தடுக்கலாம்.

எலெக்ட்ரிக் கார்?

30 கி.மீ. தாண்டாத தினசரி ஓட்டத்துக்கு எலெக்ட்ரிக் கார் இயல்பான யோசனைதான். பேட்டரியின் எடை சின்னச் சின்ன அதிர்வுகளை அமுக்கிவிடும், எஞ்சின் நடுக்கமும் இல்லை. ஆனால் அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங்கை இறுக்கியிருப்பார்கள், பெரிய பள்ளத்தில் அது தெரியும். பேட்டரி அடிவயிற்றில் இருப்பதால் கல்லில் இடிபட்டால் செலவும் வேறு மாதிரி. தீவில் மின்சாரம் தடைபடும் நாட்களையும், பழுது பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

உப்பு, மழை, கப்பல்

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கப்பல் வந்து சேரச் சுமார் மூன்று நாள். அங்கிருந்து ஹேவ்லாக்குக்கு இன்னொரு படகு. ஒரு சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தால் உதிரிபாகம் இப்படித்தான் வரும். எனவே எளிமையான சஸ்பென்ஷன், தீவில் ஏற்கெனவே பலரிடம் ஓடும் மாடல், உள்ளூர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டி. இந்த மூன்றும் சேர்ந்தால் அது எந்த விளம்பர அம்சத்தையும்விடப் பெரிது. டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளைப் பார்த்து, ஓட்டுநர்களிடம் "அண்ணா, எது அடிக்கடி போகுது?" என்று கேளுங்கள். எந்த இணைய மதிப்புரையும் தராத பதில் கிடைக்கும்.

உப்புக்காற்று ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும் ஷாக் அப்சார்பரின் தண்டையும்தான் முதலில் அரிக்கும். கடற்கரை மணலில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். துருத்தடுப்புப் பூச்சை டெலிவரிக்கு முன்பே அடிப்பது நல்லது. அந்தமானில் பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதைவிட ஜாக்கி போட்டுத் தூக்கிக் கீழே பார்ப்பதில் அதிக நேரம் செலவிடலாம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஹேவ்லாக்கில் பெற்றோருடன் இருக்கப்போகிறவர் நானாக இருந்தால், 4 மீட்டருக்குள் நீளம், 180 மி.மீ. பக்கத்தில் கிரவுண்ட் கிளியரன்ஸ், 15 அங்குல இரும்பு வீல், 125 மி.மீ.க்குக் குறையாத பக்கச்சுவர் உள்ள ஒரு நடு வேரியன்ட்டைப் பார்ப்பேன். பின் கண்ணாடிக்கு வைப்பரும் பனிநீக்கியும் இருக்கிறதா என்று மட்டும் கவனிப்பேன், அந்த மழையில் அது தேவை. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் 18% தான். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் துருப்பூச்சும்.

ஏற்கெனவே டாப் வேரியன்ட் வாங்கிவிட்டவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. டயர் மாற்றும் நேரம் வரும்போது, அதே மாடலின் கீழ் வேரியன்ட்டுக்கு நிறுவனமே கொடுக்கும் சிறிய வீலும் உயரமான டயரும் உங்கள் காரின் பிரேக்குக்குப் பொருந்துமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பொருந்தும் என்றால் அந்த அளவுக்கே இறங்கலாம். வெளிக்கடையில் சொல்வதைக் கேட்டு ஒரு அங்குலம் ஏற்றிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அதுவரை, ஒரு சின்ன பிரஷர் கேஜ் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள். நான்கு பேரோடும் சாமானோடும் போகும் நாளுக்கு அந்த ஸ்டிக்கரில் தனி அளவு கொடுத்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.